தூண் வேண்டாத கவுஸ்

காரிமங்கலத்தில் வீடு கட்ட நினைத்தவர்கள் முதலில் ஜோசியரிடம் போவார்கள், அப்புறம் கொத்தனாரிடம் போவார்கள், வேறு வழியே இல்லை என்றால் கடைசியில் முகம்மது கவுஸிடம் வருவார்கள். எண்பதாம் வருஷம்வரை அந்த ஊரில் வீட்டைக் காகிதத்தில் கட்டிப் பார்க்கிற வழக்கமே கிடையாது. கொத்தனார் குச்சியால் தரையில் கோடு இழுப்பார், வீட்டுக்காரர் 'இன்னுங் கொஞ்சம் தள்ளிப் போடு' என்பார், கோடு நகரும், வீடு எழும். அப்படிப்பட்ட ஊரில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஓர் அறையைப் பிடித்து, 'எம். கவுஸ், கட்டட வரைபடம்' என்று ஒருவர் போர்டு மாட்டினால், ஆளுக்குத் தைரியம் ஜாஸ்தியா புத்தி கம்மியா என்று ஊர் யோசிக்கத்தான் செய்யும். இரண்டும்தான் என்பது போகப் போகத் தெரிந்தது.

கவுஸ் சேலத்தில் டிப்ளமா படித்தவர். படம் வரைவது காரிமங்கலத்தில். பிரிண்ட் போடத் தருமபுரிக்குப் போக வேண்டும். அந்தக் காலத்துப் பிரிண்ட் அமோனியா நாற்றம் நாறும். சுருட்டிய பிரிண்டோடு அவர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் பக்கத்து ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து பின்னால் போய்விடுவார். சந்தை நாளன்றுகூட கிருஷ்ணகிரி பஸ்ஸில் கால் நீட்டி உட்கார்ந்து வந்த ஒரே மனிதர் அவர்தான்.

"என் தொழில்ல மொதல் வரும்படி இந்த சீட்டுதாம்மா" என்று வீட்டுக்கு வந்து பெருமையடிப்பார்.

"பக்கத்து சீட்டுல உக்கார ஒருத்தியக் கூட்டிட்டு வா, அப்பறம் சிரிக்கிறேன்" என்பார் அம்மா அமீருன்னிசா. கவுஸுக்கு அப்போதே முப்பது தாண்டிவிட்டது. பெண் பார்க்கலாம் என்றால், ஒரு நல்ல கட்டடம் கட்டிவிட்டுத்தான் கல்யாணம் என்று தட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு உலகத்தில் ஒரே ஓர் எதிரி உண்டு. தூண்.

சிரிக்க வேண்டாம், காரணம் இருக்கிறது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது பொம்மிடியில் ஒரு சத்திரத்தில் அவருடைய மாமாவுக்குக் கல்யாணம். கவுஸை உட்கார வைத்த இடம் ஒரு பெரிய கல்தூணுக்கு நேர் பின்னால். இந்தப் பக்கம் சாய்ந்தால் மாமாவின் ஒரு முழங்கை தெரிந்தது. அந்தப் பக்கம் சாய்ந்தால் இன்னொரு முழங்கை தெரிந்தது. நடுவில் இருந்த மாமா கடைசிவரை தெரியவே இல்லை. வீட்டுக்கு வந்ததும், "மாப்பிள்ளை எப்படிடா இருந்தாரு?" என்று கேட்டவர்களிடம், "ரெண்டு கை இருந்துச்சு" என்றார். அதோடு விட்டதா? பள்ளிக்கூடத்தில் தூணுக்குப் பின்னால் பெஞ்சு. சேலத்தில் படித்த வகுப்பிலும் தூணுக்குப் பின்னால் பெஞ்சு. பாதிக் கரும்பலகையைப் பார்த்தே டிப்ளமா வாங்கிய மனுஷன் என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள். தூண் இல்லாத பெரிய கட்டடம் ஒன்றை, தான் வரைந்தது வரைந்தபடி, சாவதற்குள் எழுப்பிப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருக்கு ஆசைகூட அல்ல, வெறி.

ஆனால் அவருக்கு வாய்த்த மனிதர்களோ தூண்மேல் உயிரையே வைத்திருந்தார்கள். ஏரியூர் பச்சியப்பன் நிலக்கடலை நன்றாக விளைந்த வருஷம் வந்தார்.

"வூடு எப்படியோ இருக்கட்டுங்க பாய். முன்னால நாலு தூணு வெச்சிருங்க. தூணு பருமனப் பாத்துத்தானுங்க ஆளோட பருமனச் சொல்லுவாங்க."

கவுஸ் மன்றாடி, மெல்லிய இரும்புக் குழாய்கள் நிற்கிற மாதிரி ஒரு போர்ட்டிகோ வரைந்து கொடுத்தார். பச்சியப்பன் தலையாட்டி வாங்கிக்கொண்டார். கொத்தனாரின் காதில் தனியாக ஒரு வார்த்தை சொன்னார். புதுமனை புகுவிழாவுக்கு கவுஸ் போனபோது, இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் கை எட்டாத தூண்கள், தலையில் தாமரையோடு நின்றன. நிழலுக்கு உள்ளே போயிருக்க வேண்டிய மாட்டு வண்டி இரண்டு தூண்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் நின்றது. மாட்டை அவிழ்த்து, ஆள் போட்டு வண்டியை வெளியே இழுத்தார்கள்.

பச்சியப்பன் முகம் வாடவில்லை. "வண்டியச் சின்னதாப் பண்ணிக்கலாமுங்க" என்றார்.

பொம்மிடி மாது கொஞ்சம் பரவாயில்லை. ரயில்வேயில் வேலை பார்ப்பவர், எந்த அறையில் நின்றாலும் ரயில் தெரிய வேண்டும் என்றார். கவுஸுக்குத் தலைகால் புரியவில்லை. ஜன்னலாக வரைந்து தள்ளினார். வீடு முடிந்து முதல் ரயில் போனது. உள்ளேயிருந்து ரயில் தெரிந்ததைவிட ரயிலிலிருந்து வீட்டின் உள்ளே நன்றாகத் தெரிந்தது. மாதுவின் சம்சாரம் மறுநாளே ஆள் வைத்து ஒரு ஜன்னலை விட்டுவிட்டு மிச்சத்தையெல்லாம் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். தூணும் இல்லை, ஜன்னலும் இல்லை, கவுஸ் வரைந்ததற்கு அடையாளமும் இல்லை.

இப்படியே வருஷங்கள் ஓடின. இது நான் வரைந்தபடியே நிற்கிற கட்டடம் என்று கை நீட்டிக் காட்ட அவரிடம் ஒன்றுமே இல்லை. அப்போதுதான் மாந்தோப்புக்காரர் மாயவன் காரிமங்கலத்துக்கு ஒரு கல்யாண மண்டபம் கட்டப் போவதாகச் செய்தி வந்தது. அதுவரை அங்கே கல்யாணம் என்றால் வீட்டு வாசலில் பந்தல்தான்.

கவுஸ் போன நேரம் நல்ல நேரம். மாயவனின் மனைவி ஜானகியம்மாள் முந்தின நாள்தான் கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுக் கோபமாகத் திரும்பியிருந்தார்.

"தாலி கட்டறதப் பாக்கப் போனேன். தூணப் பாத்துட்டு வந்தேன்" என்று பொரிந்துகொண்டிருந்தார்.

கவுஸுக்கு அந்த அம்மாவின் காலில் விழலாம்போல இருந்தது. "அம்மா, நீங்க ஒரு வார்த்தை சரின்னு சொல்லுங்க. நடுவுல ஒரு குச்சிகூட இல்லாம வரைஞ்சி தர்றேன். கடைசி வரிசையில கடைசி ஆளா உக்காந்தாலும் தாலி முடிச்சு தெரியணும்."

"தூணு இல்லீன்னா கூரை எதும்மேல நிக்கும் பாய்?" என்றார் மாயவன்.

"செவுத்து மேலங்க. இந்தச் செவுத்துக்கும் அந்தச் செவுத்துக்கும் குறுக்க பெரிய பெரிய பீம், கான்கிரீட் உத்தரம், போட்டுடலாம். ஆத்து மேல பாலம் நிக்கலீங்களா?"

மாயவன் யோசித்தார். தூண் இல்லாவிட்டால் சிமெண்ட் மிச்சம் என்று அவர் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது. பின்னால் பீமுக்கு வந்து இறங்கிய கம்பியைப் பார்த்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார், அது வேறு விஷயம். அதற்குள் ஜானகியம்மாள் ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்தார். கவுஸ் தன் கணக்கைச் சேலத்துக்கு எடுத்துப்போய், பாடம் சொன்ன வாத்தியாரிடம் வரி வரியாகக் காட்டிச் சரிபார்த்துக்கொண்டு வந்தார். அந்த ஒரு வரைபடத்தில் மட்டும் யாரும் எதையும் சேர்க்கவில்லை, எதையும் அடைக்கவில்லை. அவருக்குத் தரையில் கால் பாவவில்லை.

கான்கிரீட் தாங்கும் பலகையும் முட்டுக் கம்பும் அடிக்கிற சென்ட்ரிங் வேலையை ஹயாத் பாஷா எடுத்தார். கொஞ்சம் வாய் பெரிய மனிதர். கையும் பெரிய கைதான். "என் பலகை சந்துல எறும்பு பூராது" என்பார். மண்டபத்துக்குள் சவுக்குக் கம்புகளை நெருக்கி நிறுத்தி ஒரு தோப்பையே உண்டாக்கிவிட்டார். அத்தனையும் தூணாகத் தெரிந்ததால் கவுஸ் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

கான்கிரீட் இறுகி, சென்ட்ரிங் பிரிக்கிற நாள் வந்தது. அன்றைக்குப் படம் போட்டவர் கூரைக்கு அடியில் நிற்க வேண்டும். யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை, ஆனால் நிற்காவிட்டால் ஊர் மதிக்காது. கவுஸ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, நட்ட நடுவில் நின்றார். வாசலில் ஊரே கூடியிருந்தது. பூக்காரி குள்ளம்மாள் கூடையோடு முன்வரிசைக்கு முட்டி மோதி வந்திருந்தாள். பேருக்கேற்ற உயரம்தான் அவளுக்கு. எந்தக் கல்யாணத்திலும் பூவை விற்றதோடு சரி, பொண்ணு மாப்பிள்ளையைப் பார்த்ததே இல்லை.

முட்டுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கூரை அசையவில்லை. கவுஸ் அண்ணாந்து பார்த்தார். ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை எதுவும் குறுக்கே இல்லை. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. பிறந்தது இதற்குத்தான் என்று நினைத்தார். அந்த நேரம் பார்த்துக் கடைசிப் பலகையை ஹயாத் பாஷா நெம்பினார். பலகைக்குப் பின்னால் ஒரு குளவிக் கூடு இருந்தது.

குளவிகளில் ஒன்று பாஷாவிடம் போனது. ஒன்று கவுஸின் காலருக்குள் போனது. அதற்குப் பிறகு நடந்ததற்குக் கவுஸ் பொறுப்பில்லை, அவருடைய முதுகுதான் பொறுப்பு. "யா அல்லா!" என்று ஓர் அலறல். சட்டையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு, ரோட்டைத் தாண்டி ஓடி, மாடுகளுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டிக்குள் போய் விழுந்தார்.

ஊர் குளவியைப் பார்க்கவில்லை. ஓடியதைத்தான் பார்த்தது.

"மொதல்ல ஓடுனதே பிளான் போட்டவருதான் சாமி!" என்று குள்ளம்மாள் சந்தையில் பூவோடு சேர்த்து இந்தச் செய்தியையும் விற்றாள். வடக்கே போன பஸ்ஸில் ஏறிச் செய்தி கிருஷ்ணகிரிக்குப் போனது, தெற்கே போன பஸ்ஸில் ஏறித் தருமபுரிக்குப் போனது. "குளவிங்க, குளவி கொட்டிருச்சுங்க" என்று கவுஸ் தெருத்தெருவாகச் சொன்னார். "ஆமாமா, குளவிதான்" என்று ஊர் சிரித்தது.

மறுநாள் காலை அவர் ஹயாத் பாஷா வீட்டுக்கு ஓடினார். பாஷா தலையைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்கதானே பாத்தீங்க. குளவின்னு ஊருல ஒரு வார்த்தை சொல்லுங்க பாய்."

"என் பலகையில குளவியா?" பாஷா எகிறினார். "எறும்பு பூராதுன்னு சொல்லி நாப்பது வருசமா தொழில் பண்றவன் நானு. குளவி கூடு கட்டுச்சுன்னு என் வாயால சொல்லணுமா?"

அப்போது உள்ளே தையல் மிஷின் சத்தம் நின்றது. ஒரு பெண் குரல் கேட்டது. "அப்பா, காதுக்கு இன்னொருக்கா சுண்ணாம்பு வெக்கட்டா? குளவி கொட்டுன வீக்கம் இன்னும் வடியலையே."

பாஷாவின் கை தானாகத் துண்டுக்குப் போனது. கவுஸ் குரல் வந்த பக்கம் திரும்பினார். அந்த வீட்டிலும், அடக் கொடுமையே, உள்வாசலை மறைத்தாற்போல ஒரு மரத்தூண்! தூணுக்கு இந்தப் பக்கம் பச்சை வளையல் போட்ட ஒரு முழங்கை மட்டும் தெரிந்தது. கையில் தையல்காரரின் அளவு நாடா. அது பாஷாவின் மகள் பரிதா. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் ஜாக்கெட் தைப்பவள். வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் ஏதாவது ஒரு கேள்வி கேட்டு ஓட வைத்தவள் என்று பேர். தெருவில் வரும்போது புர்க்கா போட்டிருப்பாள். கவுஸ் அவள் முகத்தைப் பார்த்ததில்லை.

குளவி கொட்டிய இடம் அவருக்கு முதுகு. இது கொட்டிய இடம் வேறே.

பாஷா வாயைத் திறக்கப் போவதில்லை. அவர் திறக்காமல் கவுஸ் மட்டும் சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை. ஆனாலும் அந்த வீட்டுக்கு அடிக்கடி போக அவருக்குக் காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் பலகைக் கணக்கு. ஒரு நாள் சவுக்குக் கம்பு விஷயம். ஒரு நாள் இந்தப் பக்கமா வந்தேன் என்றார், அவர் வீடு ஊரின் அந்தப் பக்கம் இருந்தது. ஒவ்வொரு முறையும் முழங்கைதான் தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வருவார்.

மண்டபத்துக்கு ரோஸ் கலர் பூசி, வாசலில் மாயவன் பேரை எழுதி, திறந்தும் ஆயிற்று. ஆவணி முகூர்த்தம் வந்தது, யாரும் வரவில்லை. ஐப்பசி வந்தது, யாரும் வரவில்லை. பயம் என்று வெளியே சொல்ல வெட்கப்பட்டவர்கள் வேறு காரணம் கண்டுபிடித்தார்கள். வாழைமரத்தை எதில் கட்டுவது? குழாய் ஸ்பீக்கரை எதில் மாட்டுவது? எல்லாவற்றுக்கும் மேலாக, பெரியவர்கள் சாப்பிட்டுவிட்டு எதில் சாய்வது? கல்யாணத்தில் தூண் எத்தனை வேலை செய்கிறது என்பதைத் தூணுக்குப் பின்னாலேயே வளர்ந்த கவுஸ் யோசிக்கத் தவறிவிட்டார். இது அவருக்கும் உறைத்தது. வாழைமரத்துக்கு வாசலில் வளையம் அடித்துக் கொடுத்தார், ஸ்பீக்கருக்குச் சுவரில் கொக்கி அடித்துக் கொடுத்தார். பயத்துக்கு என்ன அடிப்பது?

மார்கழியில் மாயவன் கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து இரண்டு கருங்கல் தூண்களைக் கொண்டுவந்து மண்டபத்து வாசலில் இறக்கினார்.

"எனக்கு உங்க மேல கோவமில்ல பாய். தை முடியறதுக்குள்ள ஒரே ஒரு கல்யாணம் நடக்கட்டும், தூணத் திருப்பி அனுப்பிடறேன். இல்லீன்னா மாசி பொறந்ததும் ரெண்டையும் நட்ட நடுவுல நட்டுருவேன். பாக்கறவங்களுக்குத் தைரியம் வரட்டும்."

கவுஸ் இரண்டு தூண்களையும் பார்த்தார். அவருடைய ஒரே கட்டடம். அதன் நடுவில் இவை. பொம்மிடிச் சத்திரத்துத் தூணே மறுபடி தன்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டதாகத் தோன்றியது.

சொந்தக்காரர்களைக் கேட்டார். கூட்டாளிகளைக் கேட்டார். ஏரியூருக்குப் போய்ப் பச்சியப்பனைக் கேட்டார். தாமரைத் தூண் வைத்தால் யோசிக்கலாம் என்றார் அவர். கடைசியில் ஹயாத் பாஷா வீட்டுக்கு வந்து, கட்டில் ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"நீங்களாவது ஒரு கல்யாணத்தப் புடிச்சிக் குடுங்க பாய்."

பாஷாவுக்கும் மனசு கேட்கவில்லை. இருந்தாலும் உள்ளதைச் சொன்னார். "அந்தக் கூரைக்கு அடியில எவம்பா பொண்ணக் கொண்டுவந்து உக்கார வெப்பான்?"

தையல் மிஷின் நின்றது.

"நான் உக்காருவேன்பா."

பாஷா கட்டிலிலிருந்து எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். கவுஸ் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஆனா அவர்கிட்டச் சொல்லுங்கப்பா" என்று தூணுக்குப் பின்னாலிருந்து குரல் தொடர்ந்தது. "மேடையெல்லாம் வேணாம். மண்டபத்து நடுவுல அவரும் உக்காரணும், நானும் உக்காருவேன். என்ன ஆனாலும் எந்திரிக்கக் கூடாது. ஊரு அவர் ஓடுனதத்தானே பாத்துச்சு? உக்காந்திருக்கறதயும் பாக்கட்டும்."

"குளவி வந்தாலுமா?" என்று கவுஸ் நேராகத் தூணைப் பார்த்தே கேட்டார்.

"குளவி வந்தாத்தான் முக்கியமா."

அன்றைக்குக் கவுஸ் வீட்டுக்குப் போகக் கிளம்பி, வீட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டிச் சந்தைத் திடலுக்குப் போய்விட்டார். மண்டபத்துக்காகக் கல்யாணமா, கல்யாணத்துக்காக மண்டபமா என்று அவருக்கே குழம்பிவிட்டது. யாராவது தூணை நட்டுவிட்டேன் என்று வந்து சொல்லியிருந்தாலும் அந்த நேரத்தில் அவர் சிரித்திருப்பார். சந்தோஷம் தாங்காமல், அங்கே கட்டியிருந்த ஒரு பசு மாட்டிடம், "நடுவுல உக்காரப் போறோம்" என்று சொன்னார். மாடு வாலை ஆட்டியது. அமீருன்னிசா தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தார். பாதித் தெருவில்தான் கல்யாணம் எங்கே என்பது நினைவுக்கு வந்தது.

"அந்த மண்டபத்துலயாடா?" என்று திரும்பி வந்தவர், சர்க்கரைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "சரி. நான் செவுத்தோரமா உக்காந்துக்கறேன்" என்றார்.

தை மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊரே வந்தது. பிரியாணியைத் தவறவிட யாருக்கும் மனசில்லை. கூரை விழுந்தால் அதைத் தவறவிடவும் மனசில்லை. ஆனால் வந்தவர்கள் எல்லாரும் நான்கு சுவர்களோடும் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டார்கள். நடுவில் கபடி ஆடலாம், அவ்வளவு இடம். மாயவனும் ஜானகியம்மாளும் வாசற்படியில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து நின்றார்கள். குள்ளம்மாள் வாசலுக்கு வெளியே, படுத்துக் கிடந்த கருங்கல் தூண்மேல் ஏறி நின்று, முன்னால் நிற்பவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் திரை கட்ட வேண்டும். பரிதாவே தைத்த வெள்ளைத் திரை, மண்டபத்தின் நீளத்துக்கு. சுவரில் கொக்கி அடித்துக் கயிறு இழுத்த ஹயாத் பாஷா, "இவ்ளோ தூரத்துக்கு நடுவுல ஒரு சவுக்குக் கம்பாவது நிறுத்தணும், இல்லீன்னா தாங்காது" என்றார்.

"இன்னிக்கு நடுவுல கம்பே கூடாது மாமா" என்றார் கவுஸ். அந்தப் பிடிவாதத்துக்கு அவரை யார் என்ன செய்வது?

திரைக்கு இந்தப் பக்கம், மண்டபத்து நட்ட நடுவில், முகத்தை மறைத்துத் தொங்கும் பூச்சரங்களோடு கவுஸ் உட்கார்ந்தார். அந்தப் பக்கம், அதே நடுவில், பரிதா. சாட்சிகள் போய்ச் சம்மதம் கேட்டார்கள். சாதாரணமாகப் பெண்கள் முணுமுணுப்பார்கள். பரிதா சொன்ன சம்மதம் திரையைத் தாண்டி ஆண்கள் பக்கம்வரை கேட்டது. கவுஸும் சம்மதம் சொன்னார். நிக்காஹ் முடிந்தது. அதை நடத்திவைத்த பள்ளிவாசல் ஹஜரத் மைக்கைக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டு துவா ஓதக் கைகளை ஏந்தினார்.

அப்போது சுவரிலிருந்த திரைக் கொக்கி பிடுங்கிக்கொண்டு வந்தது. கயிறு சாட்டை மாதிரி சுழன்று வந்து, கொக்கியோடு மைக்கின் தலையில் விழுந்தது. அத்தனை குழாய் ஸ்பீக்கர்களிலும் ஒரே நேரத்தில் 'டமார்'. மேலே எதுவோ வெள்ளையாக அகலமாகச் சரிந்து இறங்கியது.

"கூரே!" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். பிரியாணிக்குக்கூட காரிமங்கலம் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. ஹஜரத்தும் வெளியே வந்துவிட்டார். அவர் ஓடினார் என்று சொல்லக் கூடாது, விரைந்தார். ஹயாத் பாஷா மகளைத் தேடி உள்ளே திரும்ப, கூட்டம் அவரைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே போட்டது. எல்லாரும் வாசலில் நின்று கூரையைப் பார்த்தார்கள். கூரை எப்போதும்போல நின்றுகொண்டிருந்தது.

உள்ளே, திரைத்துணிக்கு அடியில், கவுஸின் முதுகு ஓடு ஓடு என்றது. காலும் பாதி எழுந்துவிட்டது. அவர் இரண்டு கையாலும் தன் முழங்காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தன் பெயரைவிட, தன் உயிரைவிட, அந்த நடு இடம் அப்போது அவருக்குப் பெரிதாக இருந்தது. சத்தம் அடங்கியதும் துணியை மெல்ல விலக்கினார். பூச்சரங்களைக் கையால் ஒதுக்கினார். எதிரே, தானும் துணியை விலக்கிக்கொண்டு, பரிதா உட்கார்ந்திருந்தாள். இடையில் திரையும் இல்லை, தூணும் இல்லை. முழங்கைக்குச் சொந்தக்காரியை முதல்முதலாக முழுசாகப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஓடலையா?" என்றாள்.

"குளவி இல்லையே."

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எங்கப்பா பலகையில இருந்துச்சே, அவர் காதக் கொட்டுச்சே, அந்த மாதிரி ஒண்ணு வந்திருந்தா?"

இருவருக்கும் நடுவில் மைக் விழுந்து கிடந்ததை இருவரும் மறந்துவிட்டார்கள். அதற்கு அடி பட்டிருந்ததே தவிர உயிர் போகவில்லை. அவள் கேட்டதை வாசலில் நின்ற கூட்டம் கேட்டது, பஸ் ஸ்டாண்டு கேட்டது, சந்தைத் திடலும் கேட்டது. ஊர் முழுக்க ஹயாத் பாஷாவின் பக்கம் திரும்பியது. பாஷாவின் கை தானாகக் காதுக்குப் போனது.

"ஆமாய்யா, குளவிதான்!" என்று அவர் கத்தினார். "என் பலகையிலதான்! போதுமா?"

அப்போது எழுந்த சிரிப்பில் அந்த நாள் வரைக்கும் இருந்த பயமெல்லாம் அடித்துக்கொண்டு போனது. ஒவ்வொரு வாசலிலும் ஒவ்வொரு ஜன்னலிலும் தலைகள் முளைத்தன. எல்லாருக்கும் பின்னால், சிரித்துக் குனிந்த தலைகளுக்கு மேலாக, கருங்கல் தூண்மேல் எக்கி நின்ற குள்ளம்மாள் வீறிட்டாள்.

"ஏ, எனக்குந் தெரியுதுடி! பொண்ணுந் தெரியுது, மாப்பிள்ளயுந் தெரியுது! மறைக்க ஒண்ணுமே இல்ல!"

ஜானகியம்மாள்தான் முதலில் உள்ளே போனார். நேராக நடுவுக்குப் போய்ப் பெண்ணின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்துகொண்டார். அவருக்குப் பின்னால் ஊர் திமுதிமுவென்று உள்ளே வந்தது. விரிப்பு விரித்து நடுவிலேயே பிரியாணி பரிமாறினார்கள். சுவரோரம் உட்கார்வதாகச் சத்தியம் செய்திருந்த அமீருன்னிசாவும் நடுவில்தான் உட்கார்ந்திருந்தார்.

மாயவன் கவுஸிடம் வந்தார். மாசியில் இரண்டு கல்யாணத்துக்கு மண்டபம் கேட்டு அதற்குள் ஆள் வந்தாயிற்று என்றார். "அந்த ரெண்டு தூண என்ன பண்ணலாம் பாய்? திருப்பி ஏத்தணும்னா லாரி வரணும்."

"அப்படியே படுத்திருக்கட்டுங்க" என்றார் கவுஸ். "பெரியவங்க சாப்பிட்டுட்டு உக்காந்துக்கட்டும்."

பிறகு அவர் யாருக்கும் சொல்லாமல் எழுந்து, மண்டபத்தின் கோடிக்குப் போனார். கடைசி வரிசை, கடைசி மூலை. பொம்மிடியில் தன்னை உட்கார வைத்த மாதிரி இடம். அங்கே தரையில் உட்கார்ந்து முன்னால் பார்த்தார். தூரத்தில், நடுவில், பெண்கள் சூழ்ந்து நிற்க, பரிதா வளையலைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

அம்மா தேடிக்கொண்டு வந்தார். "மாப்பிள்ளை இங்க வந்து உக்காந்துக்கிட்டு என்னடா பாக்கற?"

"ரெண்டு கை இருக்கும்மா" என்றார் கவுஸ். "நடுவுல ஆளும் இருக்கு."